தாத்தாவின் பியட்டுக்கு வேறு பாடி போடலாமா?

திருநெல்வேலியில் ஆற்றை ஒட்டிய தெரு ஒன்றிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தாத்தா எல்.ஐ.எம். படித்த டாக்டர். 1966-ல் பியட் 1100 டிலைட் ஒன்றைப் புதிதாக வாங்கினார். ராத்திரி பக்கத்துக் கிராமங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போனதெல்லாம் அந்த வண்டியில்தான். ஆச்சி முன்பே போய்விட்டார், தாத்தா 2009-ல் காலமானார். அதன் பிறகு அப்பா ஓட்டினார். அவரும் 2019-ல் இறந்ததிலிருந்து கார் ஷெட்டிலேயே நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி ஷெட்டுக்குள் வந்து, ஸ்டீயரிங் மட்டத்துக்கு ஒன்றரை நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் சீட்டுக்கு அடியில் ஒரு சாண் வண்டல். அள்ளிப் போட்டுவிட்டுத் துடைத்து வைத்ததோடு சரி.

இப்போது வண்டியை ஓட விட வேண்டும் என்று ஆசை வந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்திருக்கிறார். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைத் தரைத் தகட்டில் வைத்து லேசாக அழுத்த, அது அப்பளமாக நொறுங்கி உள்ளே போயிருக்கிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டியும் அப்படியே. "இதை ரிப்பேர் பண்ண முடியாது அண்ணாச்சி. மதுரைப் பக்கம் பிரீமியர் பாடி ஒண்ணு கெடக்கு, முப்பத்தஞ்சாயிரம். ஆர்.சி. தொலைஞ்சு போச்சாம். நம்ம வண்டி நம்பரை வெட்டி அதுல ஒட்டிரலாம், ஒரு பயலுக்கும் தெரியாது" என்று யோசனை சொல்லியிருக்கிறார். (பிரீமியர் என்பது இதே பியட்டுக்குப் பிற்காலத்தில் வந்த பெயர்.)

வாசகருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும், இங்கிலாந்தில் பழைய கார்களுக்குப் புது பாடி வாங்கிப் போட்டுப் பழைய நம்பரையே வைத்துக்கொள்வதை வீடியோவில் பார்த்திருக்கிறார். "அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது? சேஸிஸ் நன்றாகத்தான் இருக்கிறது, பாடி மட்டும்தான் போய்விட்டது. இன்ஜினும் தாத்தா காலத்து இன்ஜின்தான். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி என்பதால் வின்டேஜ் சலுகை வேறு கிடைக்குமே?" என்று கேட்கிறார். ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுப்பதற்காக ஒரு மனுவும் எழுதி, நகலை எனக்கு அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

மனம் ஒப்பவில்லை என்று எழுதினீர்களே, அந்த இடத்திலேயே நின்றுகொள்ளுங்கள். வண்டியையும் நம்பரையும் காப்பாற்ற வழி இருக்கிறது. அது மெக்கானிக் சொன்ன வழி இல்லை.

உங்கள் காரில் தனியாகச் சேஸிஸ் கிடையாது

லாரியை நினைத்துப் பாருங்கள். கீழே இரண்டு நீள இரும்புச் சட்டம், அதன் மேல்தான் கேபினும் பாடியும் உட்காரும். பாடியைக் கழற்றி வேறு பாடி கட்டினாலும் சட்டம் அதேதான், சேஸிஸ் நம்பரும் அதேதான். கார்களிலும் இந்த வகை உண்டு. ஒரு காலத்தில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் இருந்தது. உங்கள் கையில் ஹெரால்டு இருந்திருந்தால் இந்தப் பதில் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

பியட் 1100 அப்படிப்பட்ட வண்டி இல்லை, அம்பாசடரும் இல்லை. இவற்றில் தரை, பக்கவாட்டு, கூரை, இன்ஜினுக்குப் பின்னால் நிற்கும் தடுப்புத் தகடு எல்லாம் ஒன்றோடொன்று வெல்டு செய்த ஒரே கூடு. அந்தக் கூடுதான் பாடி, அதுவேதான் சேஸிஸும். நீங்கள் "நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருப்பது அநேகமாக முன்பக்கத்து சஸ்பென்ஷன் பகுதியையும் இன்ஜின் உட்காரும் இடத்தையும்தான். உங்கள் மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, தடுப்புத் தகட்டில் குத்தியிருக்கும் நம்பரைக் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் உங்கள் தாத்தாவின் கார் என்பது அந்த நம்பர் குத்தியிருக்கும் இரும்பு. முன்னால் தொங்குகிற, 'எம்' எழுத்தில் தொடங்குகிற பழைய பதிவு எண் இந்த இரும்புக்கு அரசாங்கம் வைத்த பெயர், அவ்வளவுதான். இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் இருக்கும். ஆனால் இன்ஜின் மாற்றக்கூடிய பாகம். முறையாகத் தெரிவித்து மாற்றினால் ஆர்.சி.யில் திருத்திக் கொடுப்பார்கள். சேஸிஸ் நம்பருக்கு அந்த நெகிழ்வு இல்லை.

ஆகவே மதுரைப் பாடியைக் கொண்டுவந்து உங்கள் இன்ஜின், கியர், சீட்டுகளை அதில் மாட்டினால் உருவாவது, உங்கள் தாத்தாவின் சாமான்கள் ஏற்றிய இன்னொருவர் கார்.

நம்பரை வெட்டி ஒட்டினால்

பல வருஷம் முன்பு, வக்கீலான என்னிடம் வழக்கு ஒன்றோடு ஒரு கட்சிக்காரர் வந்தார். அம்பாசடர் வண்டி. அவர் வாங்குவதற்கு முன்பே யாரோ பாடியை மாற்றி நம்பர்த் துண்டை வெட்டி ஒட்டியிருந்தார்கள், அவருக்கு அது தெரியாது. ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போன இடத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் நம்பரைப் பென்சிலில் பிரதி எடுத்தார். எடுத்தவர், தாளை விட்டுவிட்டு விரலால் தகட்டைத் தடவினார். தின்னரில் நனைத்த துணியால் இரண்டு தேய். பெயிண்டுக்கு அடியில், நம்பரைச் சுற்றிச் செவ்வகமாக வெல்டிங் தழும்பு. அன்றைக்கே வண்டி காவல் நிலையத்துக்குப் போனது. இடைக்கால உத்தரவில் வெளியே எடுக்க எட்டு மாதம் ஆனது. எடுக்கப் போன அன்று பின்சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது.

"ஒரு பயலுக்கும் தெரியாது" என்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம்: இரும்பில் அச்சு குத்தும்போது மேல்பரப்பு மட்டும் பள்ளமாவதில்லை, அடியிலும் உலோகம் நெருக்குண்டு போகும். மதுரைப் பாடியில் ஏற்கெனவே இருக்கிற நம்பரை அரம் போட்டு ராவி எடுத்தாலும், தடய அறிவியல் கூடத்தில் அமிலக் கரைசல் பூசினால் பழைய எழுத்துகள் மங்கலாக மேலே வரும். அப்படி வரும் நம்பர் களவு போன வண்டியுடையதாக இருந்தால் என்ன ஆகும்? ஆர்.சி. இல்லாத பாடி என்றாலே எனக்கு முதலில் வருகிற சந்தேகம் அதுதான். நம் ஊரில் பழைய இரும்பு வாங்குகிற கடையைக் காயலான் கடை என்போம். காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்திய கடைகளால் வந்த பெயர் என்று சொல்வார்கள். அந்தக் கடைகளில் கிடப்பதெல்லாம் களவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் காகிதம் இல்லாமல் வாங்குகிறவருக்கு, களவு இல்லை என்று காட்ட ஒன்றுமே இருக்காது.

சந்தேகத்துக்கிடமான பொருளைக் கைப்பற்ற, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவில் குற்றம். நம்பர் மாற்றிய வண்டியை நல்ல வண்டி என்று நாளைக்கு நீங்கள் யாருக்காவது விற்றால் ஏமாற்றுக் குற்றம், அதே சட்டத்தின் 318-ஆம் பிரிவு. மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182-ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதற்கெல்லாம் மேலாக எனக்குப் பயம் இன்சூரன்ஸ்தான். பாலிசியில் இருக்கும் சேஸிஸ் நம்பர் உண்மையில் அந்த வண்டியுடையது இல்லை என்று தெரிந்தால் கம்பெனி சும்மா இருக்காது. ஒரு விபத்து நடந்து, எதிராளிக்கு லட்சக்கணக்கில் நஷ்டஈடு என்று உத்தரவானால், அந்தச் சுமை உங்கள் தலையில் வந்து விழக்கூடும்.

இதை மெக்கானிக்கிடம் கோபமாகச் சொல்ல வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். கைவேலைக்காரர் கண்ணுக்கு அது வெறும் தகடு.

உங்கள் மனுவில் ஒரு சொல்

நீங்கள் எழுதிய மனுவை இன்னும் கொடுக்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. "மேற்படி வாகனம் வெள்ளத்தில் முற்றிலும் அழிந்துவிட்டபடியால் வேறு பாடி பொருத்திக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாவப்பட்டு அனுமதி தருவார்கள் என்று நினைத்து அந்தச் சொல்லைப் போட்டிருப்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவைப் பாருங்கள். வண்டி அழிந்துபோனாலோ, இனி ஒருபோதும் பயன்படாது என்ற நிலைக்கு வந்தாலோ, உரிமையாளர் 14 நாளுக்குள் அல்லது முடிந்த விரைவில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும், பதிவு ரத்தாகும். நீங்களே கையெழுத்துப் போட்டு "முற்றிலும் அழிந்துவிட்டது" என்று கொடுத்தால், அதிகாரி செய்ய வேண்டிய வேலை அனுமதி கொடுப்பது இல்லை, பதிவை ரத்து செய்வது. அறுபது வருஷத்து நம்பர் ஒரு வாக்கியத்தில் போய்விடும்.

அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. முதலில் வண்டி உண்மையிலேயே எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனது தரைத் தகட்டிலும் பக்கவாட்டுப் பெட்டியிலும். தடுப்புத் தகடு, கூரை, கதவுத் தூண்கள் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பழைய கார்களில் கை தேர்ந்த டிங்கர் ஒருவரை, பாடி விற்கிற தொடர்பு எதுவும் இல்லாதவராகப் பார்த்து, இரண்டாவதாக ஒரு முறை காட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு டிங்கர் அண்ணாச்சி நாற்பது வருஷமாக அம்பாசடர், பியட் என்று தட்டி நிமிர்த்துகிறவர். தரையும் பக்கவாட்டும் போன வண்டியெல்லாம் அவருக்குச் சாதாரணம். "ஒரு பக்கத்தை முடிச்சிட்டுத்தான் மறுபக்கத்தை வெட்டணும். கதவு வாசலுக்குக் குறுக்கே பைப்பை வெல்டு பண்ணி நிறுத்திட்டுத்தான் கைவைக்கணும். ரெண்டு பக்கமும் சேர்த்து வெட்டினா வண்டி நடுவுல தொய்ஞ்சிரும், அப்புறம் சாமியே வந்தாலும் கதவு சாத்தாது" என்பார்.

இப்படித் தகடு மாற்றுவது, என் கருத்தில், பழுதுபார்ப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் 'மாற்றம்' என்று சொல்வது, வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றத்தை. அதே வடிவில், அதே அளவில், கெட்டுப்போன தகட்டுக்குப் பதில் நல்ல தகடு வைப்பது அதில் வராது. முழுக் கூட்டையும் மாற்றுவது அப்படி இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் கண்டிப்பாகச் சொன்னது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் அதிகாரிகள் கை தாராளமாக நீளாது.

டிங்கர் பார்த்து, செய்யலாம் என்று சொன்னால், அனுமதி கேட்கும் மனு வேண்டாம், தகவல் தெரிவிக்கும் கடிதம் போதும். "2023 டிசம்பர் வெள்ளத்தில் தரைத் தகடுகளும் பக்கவாட்டுப் பகுதிகளும் சேதமடைந்துள்ளன. அவற்றை அதே வடிவில் பழுதுபார்க்கிறேன். சேஸிஸ் எண் உள்ள பகுதி தொடப்படவில்லை" என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வெட்டுவதற்கு முன் நம்பர் இருக்கும் இடத்தை எட்ட நின்றும் கிட்ட நின்றும் படம் எடுங்கள், பென்சில் பிரதியும் எடுங்கள். துருவில் நம்பர் மங்கியிருந்தால் நீங்களாக அச்சு வாங்கிக் குத்திவிடாதீர்கள். எது செய்வதானாலும் ஆர்.டி.ஓ. எழுத்து மூலம் உத்தரவிட்ட பிறகுதான்.

இங்கிலாந்துக் கதை

நீங்கள் பார்த்த வீடியோ பொய் இல்லை, முழுக்கதையும் இல்லை. அங்கே மாற்றிக் கட்டிய வண்டிகளுக்கு நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது. பழைய நம்பரை வைத்துக்கொள்ள 8 புள்ளி வேண்டியிருந்தது. அசல் கூட்டுக்கு, அல்லது தயாரிப்பாளரிடமிருந்து ரசீதோடு வாங்கிய, அதே வகையைச் சேர்ந்த புத்தம்புதுக் கூட்டுக்கு மட்டும் 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சு, கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, இன்ஜினுக்கு வெறும் 1. இன்னொரு காரிலிருந்து எடுத்த செகண்ட்ஹேண்ட் கூடு போட்டால் பழைய நம்பர் கிடைக்காது, 'க்யூ' எழுத்தில் தொடங்கும் தனி நம்பர்தான் கொடுத்தார்கள். சமீபத்தில் விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள், அது வேறு கதை. எம்.ஜி.பி. போன்ற சில கார்களுக்கு அங்கே இன்றைக்கும் புதுக் கூடு செய்து விற்கிறார்கள். நம்முடைய பியட்டுக்கு அப்படிப் புதுக் கூடு வாங்க இங்கே எந்தத் தொழிற்சாலையும் இல்லை. அந்த ஊர்ப் பழைய கணக்கில் வைத்தாலும் மதுரைப் பாடி தேறாது என்பதைக் கவனியுங்கள்.

வின்டேஜ் பதிவு உங்களுக்கு எதற்கு?

2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81-ஏ முதல் சில விதிகளைச் சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் வின்டேஜ் வண்டிகள். உங்கள் வண்டி 2016-லேயே வயதுக்கு வந்துவிட்டது. ஆனால் அதே விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடிக் கூடு, இன்ஜின் ஆகியவற்றை அசலுக்கு மாறாகப் பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது. பாடியை மாற்றினால் நீங்கள் கேட்கிற சலுகை அந்த நிமிஷமே கையை விட்டுப் போகிறது.

சலுகை என்ற சொல்லும் கொஞ்சம் அதிகம்தான். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம், அது நல்லது. ஆனால் வண்டியைக் கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிக்க என்று மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். "ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போய் வர வேண்டும்" என்பதுதான் உங்கள் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். குற்றாலத்தில் குளிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. பழைய வண்டி என்றால் வின்டேஜ் பதிவு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழக்கமான ஆர்.சி.யை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டு போகலாம். உங்களுக்கு அதுதான் சரி.

மற்ற வழிகள்

கூட்டைக் காப்பாற்றவே முடியாது என்று இரண்டாவது டிங்கரும் கையை விரித்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போது ஆர்.சி.யோடு இருக்கிற இன்னொரு பியட்டை உங்கள் பெயருக்கு முறையாக வாங்குங்கள். வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதன் நம்பரிலேயே அதை ஓட்டுங்கள். தாத்தாவின் இன்ஜினை அதில் வைத்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். ஸ்டீயரிங், சீட்டு, கடிகாரம் எதை வேண்டுமானாலும் மாட்டலாம். தாத்தாவின் நம்பர் போய்விடும், ஆனால் வண்டி நேர்மையாக ஓடும்.

அதே இரண்டாவது வண்டியைத் தகடு எடுப்பதற்காக மட்டும் வாங்குவதும் ஒரு வழி. அதன் நல்ல தரையையும் பக்கவாட்டையும் வெட்டி உங்கள் கூட்டில் வைக்கலாம். புதிதாகத் தட்டிச் செய்த தகட்டைவிட வளைவுகள் கச்சிதமாகப் பொருந்தும். அப்படிச் செய்தால் அந்த வண்டியின் ஆர்.சி.யை ஒப்படைத்து ரத்து செய்துவிடுங்கள். அதன் நம்பர் இருக்கும் பகுதியை எந்தக் காரணத்துக்கும் உங்கள் வண்டிக்குள் கொண்டுவர வேண்டாம்.

முழுக் கூட்டையும் மாற்றி, தாத்தாவின் நம்பரிலேயே ஓட்ட ஆர்.டி.ஓ.விடம் முன்அனுமதி கேட்பது கடைசி வழி. கேட்க உரிமை உண்டு. மறுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 57-ஆம் பிரிவில் 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நான் உங்கள் வக்கீலாக இருந்தால் இந்த வழக்குக்கு ஃபீஸ் வாங்க யோசிப்பேன்.

அதற்கு முன்னால் வண்டி யாருடையது?

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. "தாத்தா வாய்வார்த்தையாக எனக்கென்று சொல்லிவிட்டுத்தான் போனார்" என்கிறீர்கள். வாய்வார்த்தை உயில் ஆகாது. உயில் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். உயிரோடு இருக்கும்போதே வண்டியை உங்கள் கையில் ஒப்படைத்திருந்தால் தானம் என்று வாதாடலாம், ஆனால் அதன் பிறகு பத்து வருஷம் ஓட்டியது அப்பா. எனவே இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாத்தாவின் பிள்ளைகள் மூன்று பேருக்கும் இதில் சமபங்கு: உங்கள் அப்பா, தென்காசியில் இருக்கிற அத்தை, சென்னைச் சித்தப்பா. அப்பாவின் பங்கு அம்மாவுக்கும் உங்களுக்கும் உங்கள் தங்கைக்கும்.

தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று இரண்டு வாரிசுச் சான்றிதழ் எடுங்கள். மற்றவர்கள் எல்லோரிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, 31-ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இறந்த 30 நாளில் தெரிவித்து, 3 மாதத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும். தாமதத்துக்கு அபராதம் இருக்கும், அதற்காகக் கதவு மூடிவிடாது. வெள்ளத்தில் நனைந்து ஆர்.சி. புத்தகத்தில் மை கலைந்துவிட்டது என்கிறீர்கள். எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவையும் படம் எடுத்துவிட்டு, 26-ஆம் எண் படிவத்தில் நகல் கேளுங்கள். இவ்வளவு பழைய பதிவு கணினியில் ஏறாமல் இருக்கலாம். அப்படியானால் அலுவலகத்தின் பழைய பேரேட்டைப் பார்த்து ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அங்கேதான் இரண்டு மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும். 2021-லேயே காலாவதியான பதிவையும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இன்சூரன்ஸ் எடுத்து, வேலை முடிந்த வண்டியைக் காட்ட வேண்டும். அதுவரை சொந்தச் சக்கரத்தில் ரோட்டில் ஓட்டாதீர்கள், ஒர்க்‌ஷாப்புக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

வெள்ளச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களிடம் இருந்தது மூன்றாம் நபர் பாலிசி, அதுவும் 2021-ல் முடிந்தது. கிடைக்காது.

டிங்கரிங் வேலைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அத்தையின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். துருப்பிடித்த இரும்பாகக் கிடக்கும்போது யாரும் பங்கு கேட்க மாட்டார்கள். பெயிண்ட் அடித்து, பளபளவென்று வாசலில் நிற்கும்போதுதான் சித்தப்பாவுக்குச் சின்ன வயசில் அதில் போனதெல்லாம் ஞாபகம் வரும். தாத்தா வண்டி வாங்கிய ரசீதோ, சாலை வரி கட்டிய பழைய சீட்டோ அவருடைய பெட்டியில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். நம்பர் அதில் எழுதியிருந்தால் முதலில் அதைக் கண்ணாடித் தாளில் போட்டு, ஆற்று மட்டத்துக்கு மேலே மாடியில் வையுங்கள்.